ஐசியு வாசலில நிக்கிற ஆளையும் பாருங்க

வயசான அம்மா அப்பா இருக்கிற வீட்டுக்கு இந்த ஐசியு (தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசல் எண்டைக்கோ ஒருநாள் வரத்தான் போகுது. எனக்கு வந்த நேரம் "இனி இப்பிடித்தான் நடக்கும், இதுக்கு இதைச் செய்" எண்டு சொல்ல ஒரு ஆள் இருக்கல்ல, அதாலதான் இருந்து எழுதிறன். நான் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். என்ட மனுசன் கட்டாரில வேலை, அண்ணா கனடாவில, மகன் அந்த நேரம் ஓஎல் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தான். வீட்டில அம்மா அப்பாவோட நான் மட்டும்தான். அம்மாவுக்கு 74 வயசு, பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு பென்சன் எடுத்தவ, சீனி வருத்தம் கனகாலமா இருக்கு. அப்பாவுக்கு 80 தாண்டிட்டு. ஆஸ்பத்திரியில வருத்தக்காரரைப் பாக்க டொக்டர் இருக்கார், மிஸ்மார் (நேர்ஸ்மார்) இருக்காங்க, மெசின் இருக்கு, ஆனா வாசலில நிக்கிற மனுசரைப் பாக்க ஆரும் இல்ல. நான் சொல்ல வாறது அதைப் பத்தித்தான்.

தொடங்கினதே விளங்காத மாதிரித்தான். ஒரு பின்னேரம் அம்மா தேத்தண்ணிக்கு சீனிக்குப் பதிலா உப்பை அள்ளிப் போட்டா, என்னை சின்னம்மாட பேர் சொல்லிக் கூப்பிட்டா, எப்பவோ செத்துப்போன அம்மம்மா படலையில நிக்கிறா, திறந்து விடு எண்டு சொன்னா. தொட்டுப் பாத்தன், காய்ச்சல் இல்ல. அப்பா "வயசு போனா மறதி வரும்தானே" எண்டார், எனக்கும் அப்பிடித்தான் பட்டுது. விடியப்புறம் பாத்தா மூச்சு நாய் இளைக்கிற மாதிரி வேகமா போகுது, கையெல்லாம் குளிர்ந்து கிடக்கு, இரவு முழுக்க சலம் போகவே இல்ல. 1990 நம்பருக்கு ஃபோன் அடிச்சன், சுவசெரிய அம்புலன்ஸ் வந்திச்சு, அதுக்கு ஒரு சதமும் குடுக்கத் தேவையில்ல, தமிழிலயும் கதைக்கலாம். சலத்தில இருந்த கிருமி இரத்தத்தில ஏறிட்டு, செப்சிஸ் எண்டு டொக்டர் சொன்னார். வயசானவங்களுக்கு, அதுவும் சீனி வருத்தக்காரருக்கு, காய்ச்சல் வராமலே இது வரலாமாம், முதல் அடையாளமே திடீரெண்டு வாற குழப்பமாத்தான் இருக்குமாம். மறதி மெல்ல மெல்ல மாசக்கணக்கில வாறது. ஒரு நாள், ரெண்டு நாளுக்குள்ள ஆள் மாறிக் கதைச்சா, மூச்சு வேகமா போனா, சலம் குறைஞ்சா, அது வயசு இல்ல, வருத்தம். விடியட்டும் எண்டு இருக்காதீங்க.

வார்டில போட்டு சேலைனும் ஊசி மருந்தும் ஏத்தினாங்க, ஆனா பிரஷர் ஏறவே இல்ல. ஐசியு வேணும் எண்டாங்க. அண்டைக்கு நம்மட பக்கம் கட்டில் ஒண்டும் காலி இல்ல, டொக்டர்மார் இடம் இடமா ஃபோன் அடிச்சுத்தான் அநுராதபுரத்தில ஒரு கட்டில் பிடிச்சாங்க. இந்தக் கட்டில் தேடிற வேலையை டொக்டர்தான் செய்வார், நாங்கள் ஆரையும் பிடிச்சு அலைஞ்சு ஒண்டும் ஆகாது. மாத்தி அனுப்பிற அம்புலன்சும் ஆஸ்பத்திரியிட அம்புலன்ஸ்தான், காசு இல்ல, 1990 இதுக்கு வராது. ஆனா அந்த நேரம் ஒரு சொந்தக்காரர் எனக்குத் தனியார் அம்புலன்ஸ் நம்பர் எடுத்துத் தந்து, அவங்க அட்வான்ஸ் கேக்க நான் ஈசிகாசில (ஃபோனால காசு அனுப்பிறது) 15,000 போட்டும் விட்டன், பிறகு எத்தனை தரம் அடிச்சும் ஃபோன் எடுக்கவே இல்ல. முதல் வார்டு மிஸ்ஸிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, பிறகு காசைப் போடுங்க.

வெளிக்கிட முதல் அம்மாட உடம்பில இருக்கிற நகையைக் கழட்டச் சொன்னாங்க. காப்பு, மோதிரம், தோடு எல்லாம் கழட்டியாச்சு, தாலிக்கொடிக்கு வந்த உடன அப்பா ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சிட்டார். "நான் உயிரோட இருக்கிறன், ஏன் கழட்டிறாய்" எண்டு கேட்டார். 80 வயசு மனுசன், ஷேர்ட் பொத்தானையும் பிழையாப் பூட்டிக்கொண்டு வந்து நிண்டு அப்பிடிக் கேட்டா என்னத்தச் சொல்ல. அந்த வார்டில இருந்த ஒரு வயசான மிஸ்தான் வந்து, "ஐயா, சேலைன் ஏத்த ஏத்த கழுத்தும் கையும் வீங்கும், நெஞ்சுக்கு வயர் ஒட்டவேணும், பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும், இப்ப எண்டா முழுசாக் கழட்டலாம்" எண்டு ஆறுதலா விளங்கப்படுத்தினா. சின்னம்மா ஓடிப்போய் மஞ்சள் கயிறு வாங்கிக்கொண்டு வந்தா, அதை அம்மாட கட்டில் தலைமாட்டில சாமிப் படத்தோட வைக்க அந்த மிஸ் விட்டா, அதுக்குப் பிறகுதான் அப்பா கையை எடுத்தார். நகையைக் கழட்டினா கையில வாங்கிற ஆள் ஆர், எத்தனை சாமான் எண்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்க. கட்டுப்பல், கண்ணாடி, காதுக்குப் போடுற மெசின், இதுகளை வீட்டுக்குக் குடுத்து விடாதீங்க, அதுகள் பிறகு அவசரமாத் தேவைப்படும், ஏனெண்டு கீழ சொல்றன்.

அநுராதபுரம் 100 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, ஹொரவப்பொத்தானை றோட்டு, இருட்டில யானை நிக்கிற பக்கம். நான் அம்புலன்சில முன்னுக்கு இருந்தன். கையில ஒரு ஹேண்ட்பேக், அதுக்குள்ள சார்ஜர் இல்லாத ஃபோன், ஒரு மாத்து உடுப்பு கூட இல்ல. வீட்டில வயசானவங்க இருந்தா ஒரு பையை இப்பவே கட்டி வையுங்க: கிளினிக் கொப்பியிட ஃபோட்டோகொப்பி, குடிக்கிற குளிசைகளிட பேரும் அளவும், அடையாள அட்டைக் கொப்பி, சார்ஜர், போர்வை, சுடுதண்ணிப் போத்தல், சவுக்காரம், கப், செருப்பு, ஒரு கொப்பி பேனை, சில்லறைக் காசு. குளிசைப் பேர் தெரியாட்டி குளிசைக் காட்டையே அள்ளிப் போட்டுக்கொண்டு போங்க, டொக்டர் பாத்து எடுப்பார்.

ஐசியுக்குள்ள முதல் தரம் போகேக்க எனக்குக் கால் நடுங்கினது. வாயில குழாய், மூக்கில குழாய், கழுத்தில ஊசி, முகம் வீங்கி அம்மாவே இல்லாத மாதிரி. ஏதோ ஒரு மெசின் கீ கீ எண்டு கத்துது, நான் அம்மா போயிட்டா எண்டு நினைச்சு அழத் தொடங்கிட்டன். விரலில கொழுவியிருந்த கிளிப் கழண்டதுக்குத்தான் அது கத்தினது. அப்பிடிச் சத்தம் கன தரம் வரும். மிஸ் ஓடி வரல்ல எண்டா பயப்பிடத் தேவையில்ல. வாயில இருந்த குழாய் வென்டிலேட்டருக்கு, மூச்சை அது பாத்துக்கொள்ளும், கழுத்தில இருந்து போறது பிரஷரை ஏத்தி வச்சிருக்கிற மருந்து. அந்த மருந்திட அளவு குறைஞ்சுகொண்டு வருதா எண்டு கேக்கிறதுதான் கேள்வி, அது குறைஞ்சா உடம்பு தானாப் பிடிக்குது எண்டு அர்த்தம். நித்திரைக்கு மருந்து குடுத்திருந்தாலும் போய் நிண்டு பேர் சொல்லிக் கதையுங்க, கையைப் பிடியுங்க. உள்ள போக முதலும் வந்த பிறகும் கையைக் கழுவுங்க, கிருமி எங்கட கையாலயும் போகும்.

டொக்டரிட்ட கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு, அது எனக்குப் பிடிபட நாள் எடுத்தது. "அம்மாவுக்கு எப்பிடி" எண்டு கேட்டா "சீரியஸ்தான், பாப்பம்" எண்டு மட்டும்தான் வரும், அதைக் கேட்டு வந்து வாசலில இருந்து அழுறதுதான் மிச்சம். பிறகு கொப்பியில எழுதி வச்சுக் கேக்கத் தொடங்கினன். நேத்தைய விட இண்டைக்கு சுவாசம் எப்பிடி, பிரஷர் மருந்து எப்பிடி, கிட்னி எப்பிடி, கிருமி குறையுதா, சுயநினைவு எப்பிடி. இண்டைக்கு என்ன செய்யப் போறீங்க. உங்களுக்கு எது பயமா இருக்கு. கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைக் கேட்ட உடன டொக்டர் நிண்டு முகத்தைப் பாத்துப் பதில் சொன்னார். ஒரு குடும்பத்தில ஒரு ஆள்தான் கேக்கவேணும், மற்ற எல்லாரும் அந்த ஆளிட்ட இருந்து எடுக்கவேணும். எனக்கு சிங்களம் கடைக்குப் போற அளவுக்குத்தான் தெரியும், வாசலில கெக்கிராவை பக்கத்து அக்கா ஒரு ஆள் தன்ட அப்பாவோட நிண்டவ, அவட மகளுக்குத் தமிழ் தெரியும், அந்தப் பிள்ளையை வச்சுத்தான் முதல் ரெண்டு மூண்டு நாள் கதைச்சன். இன்டர்ன் டொக்டர்மாரில தமிழ் தெரிஞ்ச ஆள் இருந்தா மிஸ்மார் கூப்பிட்டுத் தருவாங்க, வெக்கப்படாமக் கேளுங்க. விளங்காததை விளங்கின மாதிரித் தலையாட்டிட்டு வரவேணாம்.

அண்ணா கனடாவில இருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அடிப்பார். அவருக்கு அங்க ஒரு டொக்டர் கூட்டாளி, அவர் இந்த மருந்து குடுத்தாங்களா, அந்த ஸ்கான் எடுத்தாங்களா எண்டு கேப்பார், என்னட்ட பதில் இருக்காது. "நீ அங்க நிண்டு என்ன செய்றாய்" எண்டு ஒருநாள் கேட்டிட்டார். நான் ஃபோனை வச்சிட்டு ஆஸ்பத்திரி மதில் ஓரமா இருந்து அப்பிடி அழுதன். அவரிலயும் பிழை இல்ல, தூரத்தில இருக்கிற ஆளுக்கு கையும் ஓடாது காலும் ஓடாது, அந்தத் துடிப்புத்தான் அப்பிடி வாறது. ஆனா நிக்கிற ஆளிட தலையில அது இறங்கக்கூடாது. பிறகு நான் ஒரு நாளைக்கு ஒரு தரம், பின்னேரம் பாத்திட்டு வந்த பிறகு, குடும்ப வாட்சப்பில ஒரு வொய்ஸ் போடுவன், அவ்வளவுதான், அதுக்குப் பிறகு ஆர் அடிச்சாலும் எடுக்கிறதில்ல. வெளிநாட்டில இருக்கிற அண்ணா தம்பிமார் இதை வாசிச்சா ஒண்டு சொல்றன்: கேள்வி கேக்காதீங்க, ஆஸ்பத்திரியில நிக்கிற ஆள் தங்கிற ரூம் காசைக் கட்டுங்க, அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் வீடியோ கோல் எடுத்து குளிசை குடிச்சாரா எண்டு பாருங்க. அண்ணா பிறகு அதைத்தான் செய்தார், ஒருநாளும் விடல்ல.

மயக்க மருந்தைக் குறைச்ச பிறகு நான் போன நேரம் அம்மாட ரெண்டு கையையும் பண்டேஜ் துணியால கட்டில் கம்பியில கட்டியிருந்தாங்க. மணிக்கட்டுக்குக் கீழ பஞ்சு வச்சு, ரெண்டு விரல் போற அளவுக்கு விட்டுத்தான் கட்டியிருந்தாங்க, ஆனா எனக்கு அது கண்ணுக்குத் தெரியல்ல, எனக்குத் தெரிஞ்சது ஒரு டீச்சரை மாட்டைக் கட்டின மாதிரிக் கட்டியிருக்கிறாங்க எண்டதுதான். நான் கத்திட்டன். இரவு மூச்சுக் குழாயைப் பிடுங்கப் போயிருக்கிறா, பிடுங்கியிருந்தா அந்த இடத்திலயே முடிஞ்சிருக்கும் எண்டு மிஸ் சொன்னா. குழாய் எடுத்த பிறகும் அம்மா கூரையில எறும்பு ஊருது எண்டா, தன்னை ஆரோ விக்கப் போறாங்க எண்டா, என்னைப் பாத்து நீ ஆர் எண்டு கேட்டா. எனக்கு அது அவ செத்திருந்தா இருக்கிறதை விடக் கொடுமையா இருந்தது. டெலிரியம் எண்டு சொல்லுவாங்க, ஐசியுவில வென்டிலேட்டர் போட்ட வயசானவங்களில கன பேருக்கு வாறதாம், பைத்தியம் இல்ல, பெரும்பாலும் நாள் போகப் போகத் தெளியும். இதுக்குத்தான் கண்ணாடியும் காது மெசினும் வேணும் எண்டனான். கண்ணும் காதும் தெரியாட்டி குழப்பம் இன்னும் கூடும். போனா "அம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை, பின்னேரம், நீங்க ஆஸ்பத்திரியில இருக்கிறீங்க, அப்பா வீட்டில சுகமா இருக்கார்" எண்டு சொல்லுங்க, திரும்பத் திரும்பச் சொல்லுங்க. எறும்பு இல்ல எண்டு சண்டை பிடிக்க வேணாம், எறும்பைத் துடைச்சு விட்டிட்டன் எண்டும் பொய் சொல்ல வேணாம், நான் பக்கத்தில நிக்கிறன் எண்டா காணும். மகன் பத்திரகாளி அம்மன் கோயில் பூசை மணிச் சத்தத்தை ஃபோனில பிடிச்சு அனுப்பினான், அதைப் போட்டுக் காட்டின அண்டைக்குத்தான் அம்மா முதல் தரம் "பூசை முடிஞ்சுதா" எண்டு ஒழுங்காக் கேட்டா.

இடையில கிட்னி இறங்கத் தொடங்கின நாளில பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு சின்ன அறையில கதிரை போட்டு இருத்தினார். அம்மா முந்தி தானே நடப்பாவா, சமைப்பாவா, ஆரையும் அடையாளம் பிடிப்பாவா எண்டு கேட்டார். பிறகு மெல்ல, இதயம் நிண்டா நெஞ்சை அமத்தி எழுப்பிறது இவ்வளவு பலவீனமான உடம்பில பெரும்பாலும் சரிவராது, விலா எலும்பு முறியும், அப்பிடி ஒரு நிலை வந்தா என்ன செய்யிறது எண்டு அம்மா எப்பயாவது கதைச்சிருக்கிறாவா எண்டு கேட்டார். அம்மா கதைச்சிருக்கிறா. பெரியப்பா படுக்கையில கிடந்த காலம் பாத்திட்டு வந்து "என்னை மட்டும் இப்பிடி வயரில தொங்க விட்டு வைக்காத" எண்டு அடுப்படியில நிண்டு சொன்னவ. அதை அப்பிடியே சொன்னன், சொல்லேக்க நானே அம்மாவைக் கொல்லுறன் போல இருந்தது. அவர் சொன்னார், மருந்தை நிப்பாட்டப் போறதில்ல, டயலிசிஸ் செய்து பாப்பம், நோவும் மூச்சுத்திணறலும் இல்லாமப் பாத்துக்கொள்ளுவம், நீங்க தாறது அம்மாட விருப்பம் மட்டும்தான், முடிவு எங்கட, அதை உங்கட தலையில சுமக்காதீங்க எண்டு. அந்த வார்த்தைக்கு நான் அவரைச் சாகும்வரை மறக்க மாட்டன். இப்பிடி ஒரு கதை வரும் எண்டு எனக்கு முதலே தெரிஞ்சிருந்தா அண்ணாவையும் ஃபோனில போட்டு அந்த அறைக்குள்ளயே கேக்க வச்சிருப்பன், பிறகு நான் சொல்லி அவர் நம்பாமச் சண்டை வந்தது. அம்மா அப்பா நல்லா இருக்கேக்கயே கேட்டு வையுங்க. சாவைப் பத்திக் கதைச்சா சாவு வந்திடாது.

இனி உதவி. உதவி செய்ய வந்த ஆக்கள் கன பேர், அதில பாதிப் பேருக்கு நான்தான் உதவி செய்தன். தோடம்பழமும் நெஸ்டமோல்ட்டும் கொண்டு வருவாங்க, ஐசியுவில இருக்கிற ஆள் தோடம்பழம் சாப்பிடுமா. உள்ள விட மாட்டாங்க, அதுக்கு என்னட்டக் கோவிப்பாங்க. "ஏதும் தேவையெண்டா சொல்லு" எண்டிட்டுப் போவாங்க, எனக்கு அப்ப என்ன தேவை எண்டே தெரியாது, தெரிஞ்சாலும் வாய் வராது. ஒரு சொந்தக்காரர் இரத்தம் தேவை எண்டு ஃபேஸ்புக்கில போட்டு எனக்கு ஆக்கள் அடிக்கத் தொடங்கிட்டாங்க. இலங்கையில 2014ல இருந்து இரத்த வங்கி முழுக்கத் தொண்டர்கள் குடுக்கிற இரத்தத்திலதான் நடக்குது, வருத்தக்காரரிட ஆக்கள் ஆள் தேடி ஓடத் தேவையே இல்ல. ஆனா பக்கத்து வீட்டு ராத்தா ஒண்டும் கேக்கல்ல. அப்பாவுக்கும் மகனுக்கும் பகல் சாப்பாடு நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு ஒரு மெசேஜ், அவ்வளவுதான், நோன்பு காலத்திலயும் தான் பட்டினி கிடந்து கொண்டு மரக்கறிக் கறி தனியாச் சட்டியில வச்சுக் குடுத்து விட்டா. அவட மகன் அப்பாவை கிளினிக்குக் கொண்டு போனான். கூட வேலை செய்யிற ஒரு தங்கச்சி சனிக்கிழமை பஸ் ஏறி வந்து "அக்கா நீங்க போய் ரூமில படுங்க, நான் வாசலில நிக்கிறன், கூப்பிட்டா உடன அடிப்பன்" எண்டா. நான் கிழமைக்கணக்கில அண்டைக்குத்தான் படுத்தன். இதுதான் உதவி. ஒரு வேலையைத் தூக்கி உங்கட தலையில வையுங்க, பிறகு சொல்லுங்க. பெண் வார்டு எண்டா துணைக்கு பெண்தான் நிக்கலாம், அதனால குடும்பத்தில ஒரு பொம்பிளைதான் முறியிறா, மாத்தி நிக்க இன்னொரு பொம்பிளை வேணும்.

காசு. ஆஸ்பத்திரிக்கு ஒரு சதமும் இல்ல, ஐசியு, டயலிசிஸ் எல்லாம் இலவசம். அது இல்லாட்டி வீட்டை வித்திருப்பம், தனியாரில விசாரிச்சம், ஐசியுக்கு ஒரு நாளைக்கே லட்சக்கணக்கில சொன்னாங்க. ஆனா சுத்தி வர போற காசு இருக்குதே. ரூம் ஒரு இரவுக்கு 2,500 எண்டு சொன்னவங்க நான் கனநாள் நிக்கவேண்டி வரும் எண்டு தெரிஞ்ச உடன 4,000 ஆக்கினாங்க. வெளியில செய்யச் சொன்ன ரெண்டு மூண்டு டெஸ்ட், பம்பர்ஸ், வான் கூலி, சாப்பாடு, வேலையில நோ பே, எல்லாம் சேர மூண்டு லட்சத்துக்கு மேல போயிட்டு. அம்மாட பென்சன் பாங்கில கிடந்தது, அம்மாட கார்டிட பின் நம்பர் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நல்லா இருக்கேக்கயே அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு பாங்குக்குப் போய் இப்பிடி ஒரு நிலை வந்தா என்ன வழி எண்டு கேட்டு வையுங்க. இதய ஒப்பரேசன் மாதிரி பெரிய செலவு இருக்கிற ஆக்கள் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், 2025ல இருந்து அதுக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்ல, பிரதேச செயலகத்திலயே குடுக்கலாம். பில்லுகளை எல்லாம் ஒரு பையில போட்டு வையுங்க.

அம்மா தப்பிட்டா. வீட்டுக்கு வந்த நேரம் கரண்டி பிடிக்கவே கையில சத்து இல்ல, ஐசியுவில கிடந்தா தசை அப்பிடிக் கரையுமாம், திரும்பி வர மாசக்கணக்கு எடுக்கும். டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடுற நாளில சந்தோசத்தில ஓடி வந்திடாதீங்க, எப்பிடிப் புரட்டிறது, எப்பிடி நிமித்தி இருத்திச் சாப்பாடு குடுக்கிறது, என்ன எக்சர்சைஸ் எண்டு மிஸ்ஸிட்டயும் ஃபிசியோ ஆளிட்டயும் கேட்டு, நீங்களே ஒருக்கா அவங்களுக்கு முன்னால செய்து காட்டிட்டு வாங்க. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டினம், குதியையும் முதுகுக் கீழ்ப்பக்கத்தையும் ஒவ்வொரு நாளும் பாத்தம், புண் வரல்ல. இப்ப நடக்கிற ஃபிரேமைப் பிடிச்சு அடுப்படி வரைக்கும் வந்து நான் வெங்காயம் வெட்டுறது பிழை எண்டு சொல்லுறா. எல்லாம் சரியான பிறகுதான் நான் விழுந்தன். இரவு நித்திரை இல்ல, ஓட்டோ ஹோர்ன் கேட்டாலும் மெசின் சத்தம் எண்டு எழும்பி ஓடுவன், காரணம் இல்லாம மகனை ஏசுவன். வருத்தக்காரரோட நிண்ட வீட்டாக்களுக்கும் இது வாறதுதான் எண்டு டொக்டர் சொன்னார். 1926க்கு எந்த நேரமும் அடிக்கலாம், தேசிய மனநல நிறுவனத்திட நம்பர், நான் அடிச்சுக் கதைச்சன், அதில ஒரு வெக்கமும் இல்ல.

எயார் மெத்தையும் வீல்செயாரும் இப்ப எங்கட வீட்டில சும்மா கிடக்கு. புதுசா வாங்கினா கன காசு, கொஞ்ச நாளைக்குத்தான் தேவைப்படும். உவர்மலை, பாலையூற்று, உப்புவெளிப் பக்கம் ஆருக்கும் தேவையெண்டா சொல்லுங்க, கொண்டு போய்ப் பாவிச்சிட்டு அடுத்த ஆளுக்குக் குடுங்க. மெத்தையிட மோட்டர் நல்லா வேலை செய்யுது, காத்துப் போற குழாய் ஒண்டு மட்டும் மாத்தவேணும்.